பின்வரிசை முகங்கள்

நினைவைத் தனக்கு வெளியே ஒரு பொருளில் ஏற்றிவைத்து, தனக்குப் பின் வருவோருக்கு விட்டுச் செல்லும் ஆற்றல் மனிதனுக்கே உரியது. கல்லில் வெட்டினான், செப்பேட்டில் பொறித்தான், பனையோலையில் கீறினான், தாளில் அச்சிட்டான். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், 12 செண்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தட்டில் ஒளியையும் ஒலியையும் சேர்த்துப் பதித்தான். கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகள் நின்றது. ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கியது. வீட்டு விழாவைப் பதித்த தட்டோ ஒரு தலைமுறையைத் தாண்டுமா என்பதே ஐயத்திற்குரியதாயிற்று. ஆகவே அதிலுள்ளதை வேறோர் இடத்திற்குப் பெயர்த்து வைக்கும் கடமை இன்று பல குடும்பங்களின் வாசலில் வந்து நிற்கிறது. பெயர்ப்பது எளிது; எப்படிப் பெயர்ப்பது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் நோக்கிச் செல்லும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் அமைந்த ஊர் காப்பார். அதைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்தன. ஜாலான் ஆக்கோப், வாலம்புரோசா, புக்கிட் ராஜா என்னும் பெயர்களைக் கேட்டாலே அவ்வட்டாரத்து முதியவர்களுக்கு விடியற்காலைப் பெரட்டும், பால்வாளிகளின் ஓசையும் நினைவுக்கு வரும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நின்ற நிலங்கள் பலவற்றில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. லயங்களில் பிறந்தவர்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். லயங்கள் மறைந்தன, ஆயாக் கொட்டகைகள் மறைந்தன, கோயில்கள் இடம் மாறின. அந்த இடங்களில் மனிதர்கள் நடமாடியதைக் காட்டுவதற்கு எஞ்சியிருப்பவை பெரும்பாலும் சில நிழற்படங்களும் சில தட்டுகளுமே.

அவ்வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழுள்ள அலமாரியைத் திறந்தால் அத்தட்டுகளைக் காணலாம். மூத்த மகளின் திருமணம், பேரனின் காதணி விழா, தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி என்று பேனாவால் எழுதப்பட்ட பெயர்கள் மங்கியிருக்கும். 1993ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட வி.சி.டி. என்னும் காணொலித் தட்டு, மலேசியாவில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அரசோச்சியது. ஒரு தட்டில் 74 நிமிடமே அடங்கும் என்பதால் ஒரு தமிழ்த் திரைப்படம் இரண்டு அல்லது மூன்று தட்டுகளாக வந்தது. திருட்டுத் தட்டுகள் பெருகியமையால் 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் என்றே தனியாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1996இல் சப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி., பின்னர் வி.சி.டி.யின் இடத்தைப் பிடித்தது. திரைப்படங்களை இனி எங்கிருந்தும் பெறலாம்; அவற்றின் உரிமையும் பிறருடையது. ஆனால் தோட்டத்துத் திருமணத் தட்டுக்கு உலகில் வேறு படி இல்லை. அதைப் படம்பிடித்த நிழற்படக் கடைகள் பலவற்றில் மூல நாடாவை அழித்து மறு விழாவுக்குப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது.

அந்தத் தட்டுகள் இப்போது இருமுனைத் தாக்குதலுக்கு ஆளாகியுள்ளன. ஒன்று, அவற்றைப் படிக்கும் கருவி மறைந்து வருகிறது. புதிய மடிக்கணினிகளில் தட்டு நுழையும் வாயிலே இல்லை. மற்றொன்று, தட்டே அழிகிறது. கடையில் பதித்துத் தரும் தட்டில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் படலம். வெப்பமும் வெயிலும் ஈரமும் அதை வெளிறச் செய்யும். குறுந்தட்டில் ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் மேற்பூச்சுக்கு நேர் கீழே இருப்பதால், எழுத்துப் பக்கத்தில் விழும் கீறலே அதிகக் கேடு விளைக்கும். நடு அமெரிக்க நாடான பெலீசிலிருந்து வந்த ஒரு குறுந்தட்டைப் பூஞ்சை அரித்துத் தின்றிருந்ததை மாட்ரிட் நகரத்து ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அது அரிதான நிகழ்ச்சி என்றாலும், மழையும் புழுக்கமும் மாறி மாறி வரும் கிள்ளான் வட்டாரத்தில் வாழ்வோர் அதனைக் கேட்டு வாளா இருத்தல் இயலாது.

தட்டிலுள்ளதைக் கணினிக் கோப்பாக மாற்றுமுன், தட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிய வேண்டும். ஒரு டி.வி.டி.யின் படம் குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகள் கொண்டது. இவை மொத்தம் 414,720 புள்ளிகள். இத்தகைய படங்கள் வினாடிக்கு 25 ஓடுகின்றன. இவற்றைச் சுருக்காமல் எழுதினால் வினாடிக்கு 15 மெகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும், 4.7 கிகாபைட் கொள்ளளவுள்ள தட்டு ஐந்தே நிமிடத்தில் நிறைந்துவிடும். ஆயினும் அதில் இரண்டு மணி நேரத் திருமணம் அடங்குகிறது. எவ்வாறு?

பள்ளியின் வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் எல்லா மாணவரின் பெயரையும் முழுமையாக எழுதுகிறார். பின்னர் நாள்தோறும் பெயர்களை எழுதுவதில்லை. மாற்றத்தை மட்டும் குறிக்கிறார். காணொலியும் அவ்வாறே எழுதப்படுகிறது. இடையிடையே ஒரு படம் முழுமையாகப் பதியப்படும். அதைத் தொடர்ந்து வரும் படங்களில் எது நகர்ந்தது, எது மாறியது என்பது மட்டும் குறிக்கப்படும். முழுப் படத்தையும் அப்படியே எழுதுவதில்லை. பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட கொசைன் உருமாற்றம் என்னும் கணித முறை இங்குத் துணைக்கு வருகிறது. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பெரிய அலைகளும் நுண்ணிய அலைகளும் சேர்ந்த கலவையாக எழுதுகிறார்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணலைகளைத் தோராயமாகக் குறித்துவிட்டுச் செல்கிறார்கள். உலகெங்கும் தட்டுகளிலும் தொலைக்காட்சியிலும் படம் ஓடியது இந்த முறையால்தான்.

ஆகவே தட்டிலுள்ள திருமணமே முழுத் திருமணமன்று. ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்ட திருமணம். அதைக் கோப்பாக மாற்றும்போது மீண்டும் ஒருமுறை சுருக்கினால், முதல் சுருக்கத்தில் தப்பியவற்றுள் மேலும் சில உதிர்ந்துபோகும். ஓலைச்சுவடிகளின் வரலாறு தமிழர்க்கு இதை முன்பே கற்பித்திருக்கிறது. ஒரு சுவடி செல்லரிக்குமுன் அதைப் பார்த்து மறு சுவடி எழுதினர். எழுதியவர் கை சோர்ந்த இடத்தில் ஓரெழுத்து மாறியது. அடுத்தவர் அம்மாற்றத்தின் மேல் மற்றொரு மாற்றத்தைச் சேர்த்தார். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியிருந்தது அதனாலேயே. அவருக்கு ஒப்புநோக்கப் பல படிகள் கிடைத்தன. தோட்டத்துத் திருமணத்திற்கு இருப்பது ஒரே தட்டு. அதைப் பெயர்ப்பவர் விடுவதை மீட்டுத் தர வேறொரு சுவடி எங்கும் இல்லை.

கணினியில் இப்பணிக்கு உதவும் மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் பலரும் அறிந்தது. அதைத் திறந்ததும் கட்டங்களும் எண்களுமாகத் தோன்றும். அவற்றுள் தலையானது தர எண். 2003ஆம் ஆண்டில் வந்த எச்.264 என்னும் குறியேற்ற முறையில் இவ்வெண் 0 முதல் 51 வரை செல்லும். எண் சிறிதானால் தரம் உயரும், கோப்பு பெருக்கும். எண் பெரிதானால் கோப்பு சிறுக்கும், படம் தேயும். ஆறு எண் கூடினால் கோப்பின் அளவு ஏறக்குறையப் பாதியாகும். டி.வி.டி. அளவிலான படத்திற்கு 18 முதல் 22 வரையிலான எண்ணை ஹேண்ட்பிரேக் குழுவினரே பரிந்துரைக்கின்றனர். மறு படியே இல்லாத குடும்பத் தட்டுக்கு அவ்வெல்லையின் கீழ்முனையாகிய 18ஐத் தேர்வதே அறிவுடைமை.

சிலர் தர எண்ணை விட்டுவிட்டு, கோப்பு இத்தனை மெகாபைட்டுக்குள் அடங்க வேண்டும் என்று அளவை முன்கூட்டியே வரையறுப்பர். அது எல்லா மாணவருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும். அசையாமல் அமர்ந்து மந்திரம் கேட்கும் காட்சிக்குச் சிறிதளவு இடம் போதும். பூமாரி பொழிந்து, கூட்டம் எழுந்து அட்சதை தூவும் காட்சிக்கு மிகுந்த இடம் வேண்டும். தர எண்ணைக் கொடுத்தால் எந்தக் காட்சிக்கு எவ்வளவு தேவை என்பதை மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும்.

இனி, சுருக்கும்போது படத்தில் எது முதலில் உதிர்கிறது என்பதை நோக்க வேண்டும். ஒளி வீழ்ந்த பெரிய முகங்கள் எளிதில் உதிர்வதில்லை. மங்கலான மூலைகளும், நிழலில் நிற்கும் சிறிய உருவங்களும், சுவரின் நிறத்தோடு ஒன்றிய சேலைகளுமே முதலில் கரைகின்றன. மணமக்கள் கரைய மாட்டார்கள், பின்வரிசை கரைந்துவிடும். இது வெறும் தொழில்நுட்பச் செய்தியா? காப்பாரைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் அவ்வாறன்று என்பதைக் காட்டும்.

2005ஆம் ஆண்டில் அக்குடும்பத்தின் மூத்த பெண்ணுக்குத் தோட்டத்து மண்டபத்தில் திருமணம் நடந்தது. பெண்ணின் பாட்டி ஐம்பது ஆண்டுகள் பால்வெட்டியவர், கணவரை இழந்தவர். கைம்பெண் மணவறையருகே வரலாகாது என்னும் வழக்கத்திற்குக் கட்டுப்பட்டு, மண்டபத்தின் கடைசியில் ஒரு தூணருகே நின்று பேத்தியின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தார். யாரும் அவரை அங்கே போகச் சொல்லவில்லை. யாரும் முன்னே அழைக்கவுமில்லை. நான்கு ஆண்டுகளில் அவர் மறைந்தார். அடையாள அட்டையிலிருந்த சிறு படத்தைத் தவிர அவருக்கு வேறு படமில்லை. அவர் அசைவதைக் காட்டுவது அந்தத் திருமணத் தட்டு ஒன்றே.

பல ஆண்டுகள் கழித்து அத்தட்டை ஒரு கடையில் கொடுத்துக் கோப்பாக மாற்றி வாங்கினர். கைப்பேசியில் எளிதாக அனுப்பும் அளவுக்கு அது சிறியதாக இருந்தது. பாட்டியின் மகளான முதிய பெண்மணி அதைத் தம் அண்ணன் மகனோடு அமர்ந்து பார்த்தார். தாலி கட்டும் நேரம் வந்தது. அவர் மணவறையைப் பார்க்கவில்லை.

"தம்பி, அந்தத் தூண் பக்கம் வெள்ளையா நிக்குதே, அதுதான் எங்கம்மா. முகம் தெரியலையேப்பா."

"பழைய தட்டு அத்தை, அப்படித்தான் இருக்கும்."

"இல்லப்பா. முன்ன தட்டுல பார்த்தப்போ தெரிஞ்சிச்சு. அம்மா முந்தானையால கண்ணைத் தொடச்சாங்க. நான் பார்த்தேன்."

இளைஞன் அத்தையின் சொல்லைத் தட்டிக் கழிக்கவில்லை. கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தான். தர எண் 28 என்றிருந்தது. படத்தின் அகலமும் நீளமும் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தன. இரைச்சல் நீக்கும் வடிகட்டி ஒன்றும் இயக்கப்பட்டிருந்தது. புள்ளிகளின் நடுக்கத்தை இரைச்சல் என்று எண்ணித் துடைக்கும் அவ்வடிகட்டி, தொலைவிலிருந்த முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. நல்லவேளையாகத் தட்டு தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. வெளியிலிருந்து இணைக்கும் தட்டுக் கருவி ஒன்றை வாங்கி, இம்முறை எதையும் குறைக்காமல், எதையும் துடைக்காமல் படியெடுத்தான். தூணருகே நின்ற உருவத்திற்கு முகம் வந்தது. தெளிவான முகமன்று, தட்டில் இருந்த அளவுக்குத்தான். ஆனால் முந்தானை எழுந்து கண்ணருகே செல்வது தெரிந்தது. அத்தை அந்த இடத்தை மட்டும் மீண்டும் மீண்டும் போடச் சொன்னார்.

வழக்கம் ஒரு பெண்ணைப் பின்வரிசைக்கு அனுப்பியது. ஓர் எண் அவரை அங்கிருந்தும் நீக்க இருந்தது. விழா நடந்த அன்று எல்லாரும் பார்த்தது மேடையை. இருபது ஆண்டுகள் சென்றபின் எல்லாரும் தேடுவது கூட்டத்தை. பந்தி பரிமாறிய மாமா, நாயனம் வாசித்தவருக்குப் பின்னால் உறங்கிய குழந்தை, சன்னலுக்கு வெளியே தெரிந்த லயத்துக் கூரை ஆகியவையே காலம் செல்லச் செல்ல விலை ஏறுகின்றன. எது முக்கியம் என்பதைச் சுருக்கும் கருவி அறியாது. சுருக்குகிறவரும் இன்று முழுமையாக அறிய முடியாது. ஆகவே அறியாதவற்றையும் காத்து வைப்பதே முறை.

அம்முறை கடினமானதன்று. முதற்பணி, தட்டை உள்ளவாறே முழுப் படியெடுத்தல். டி.வி.டி.யாயின் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒற்றைக் கோப்பாகவும், வி.சி.டி.யாயின் பின், கியூ என்னும் இணைக் கோப்புகளாகவும் எடுக்கலாம். இதில் மறு சுருக்கம் ஏதுமில்லை. தட்டிலுள்ளது அப்படியே வந்துவிடும். கீறல் விழுந்த தட்டுகளையும் பொறுமையாகப் பன்முறை படித்து மீட்கும் மென்பொருள்கள் உள்ளன. இடம் போதாது என்பார்க்கு ஒரு கணக்கு: 1 டெராபைட் கொள்ளளவுள்ள ஒரு வன்தட்டில், முழுமையாக நிறைந்த 4.7 கிகாபைட் டி.வி.டி.கள் 200க்கு மேல் அடங்கும். ஒரு குடும்பத்தின் விழாக்கள் அனைத்தும், ஒரு தமிழ்ப்பள்ளியின் பத்தாண்டு நிகழ்ச்சிகளும், அதிலொரு மூலையில் அடங்கிவிடும். இடப் பஞ்சத்தால் நினைவைச் சுருக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது.

இரண்டாவது பணி, அந்த மூலப்படியிலிருந்து அன்றாடம் பார்ப்பதற்குரிய படியை ஆக்குதல். இதற்கு எச்.264 போதும், பழைய தொலைக்காட்சியும் மலிவான கைப்பேசியும் அதனைப் படிக்கும். 2013இல் வந்த எச்.265 இன்னும் சிறிய கோப்பைத் தரும். ஆனால் பழைய கருவிகள் பல அதனை அறியா. வேகத்திற்குரிய கட்டத்தில் மெதுவான முறையைத் தேர்ந்தால் அதே அளவில் மேலும் நல்ல படம் கிடைக்கும். இரவில் தொடங்கி வைத்தால் காலையில் முடிந்திருக்கும். வினாடிக்கு 25 என்னும் படக் கணக்கை 30 ஆக்குதல் கூடாது. ஆக்கினால் நடனமும் நடையும் தடுக்கி விழும். 576 வரிகளை 1080 ஆகப் பெருக்குவதும் வீண். பாலில் நீர் சேர்த்தால் பால் பெருகியதாகாது.

டி.வி.டி.யில் மற்றொரு நுட்பம் உண்டு. பழைய தொலைக்காட்சி முறைப்படி பதிந்த படத்தில், ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்திலும் பதிந்திருக்கும். அசைவில்லாத காட்சியில் இது தெரியாது. ஓட்டப் பந்தயத்தில் ஓடும் மாணவனைப் பார்த்தால் அவனைச் சுற்றிச் சீப்பின் பற்கள்போலக் கோடுகள் தெரியும். வரிப்பின்னலைப் பிரிக்கும் தெரிவை இயக்கி, வினாடிக்கு 50 படங்களாக்கினால் கோடுகள் மறையும். ஓட்டத்தின் இயல்பும் கெடாது. வி.சி.டி.யில் இந்தப் பின்னல் இல்லை. அதன் படம் 352க்கு 288 என்னும் மிகச் சிறிய அளவினது. ஆதலால் அதை மறு சுருக்கம் செய்யாமல், உள்ளவாறே எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

ஒலியைப் பலரும் மறந்துவிடுகின்றனர். நாயனத்தின் உச்ச ஒலியும் தாளத்தின் கணீரென்ற ஓசையும் மட்டமான ஒலிச் சுருக்கத்தில் தகரம் தட்டுவதுபோல் ஆகிவிடும். அதைவிடப் பெரிது, கருவிக்கருகே நின்று யாரோ பேசிய இரண்டு சொற்கள். "சாப்பிட்டியா ஆயா" என்று கேட்ட ஒரு குரல் பிறகு எங்கும் கேட்காத குரலாக இருக்கலாம். ஒலி படத்தளவு இடத்தை அடைப்பதில்லை. மாற்றாமல் அப்படியே கடத்தும் தெரிவைத் தேர்வதே தக்கது.

மூன்றாவது பணி சரிபார்த்தல். கோப்பு வந்ததும் மணமக்களைப் பார்த்து நிறைவடைந்துவிடாமல், மண்டபத்தின் இருண்ட மூலையைப் பார்க்க வேண்டும். ஓமப் புகையைப் பார்க்க வேண்டும். பின்வரிசையைப் பார்க்க வேண்டும். அங்கே முகங்கள் இருந்தால் படி நல்ல படி. பின்னர்க் கோப்பின் பெயரிலேயே ஆண்டு, இடம், நிகழ்ச்சி ஆகியவற்றை எழுதி, மூன்று படிகளாக்கி, அவற்றுள் ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் காணொலியாக அனுப்பினால் அது மேலும் சுருங்கும் என்பதை நினைவிற்கொண்டு, அனுப்பியதையே மூலமாகக் கருதித் தட்டை எறிந்துவிடாதிருத்தல் வேண்டும்.

இத்தனை உழைப்பு எதற்கு, பயன் எப்போது என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்குக் காப்பார் வட்டாரத்திலேயே ஒரு விடை உண்டு. ரப்பர்க் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வாலம்புரோசா ரப்பர் நிறுவனத்தின் தோட்டத்தில் ஏழில் ஒரு பங்கு மரங்களே பால் தந்துகொண்டிருந்த காலத்தில், மற்ற மரங்களுக்குக் களையெடுத்த செலவை அவ்வாண்டுக் கணக்கில் கழிக்கலாமா என்னும் வழக்கு 1910ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் வரை சென்றது. கழிக்கலாம் என்றே தீர்ப்பாயிற்று. பால் தராத மரத்தின் அடியில் களையெடுப்பதும் இவ்வாண்டின் வேலையே என்பது அதன் சாரம். அக்களையை எடுத்தவர்கள் கையெழுத்து இடவும் கல்லாத தமிழர்கள். அவர்களின் பெயர்கள் அந்த வழக்கில் இல்லை. அவர்களின் பேரர்கள் எடுத்த தட்டுகளில் அவர்களின் மக்கள் சிலருடைய முகங்களாவது இருக்கின்றன.

அம்முகங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒரு வார இறுதியின் பொறுமை, ஒரு வன்தட்டின் விலை, 28க்குப் பதிலாக 18 என்னும் எண். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், கோயில் நிருவாகங்களும், கணினி கற்ற இளைஞரும் இப்பணியை இன்றே தொடங்குதல் வேண்டும். வெளிறத் தொடங்கிய தட்டுக்கு அடுத்த ஆண்டு என்பது உறுதியில்லை.